கடற்காற்றும் நம் வீட்டுச் சுவரும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் ஊர்ப் பழமொழி. ஆனால் அந்தச் சுவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பிள்ளைகளின் படிப்பு, பெண்ணின் கல்யாணம், ஊருக்குப் போக ரயில் டிக்கெட் என்று மணிக்கணக்கில் பேசும் நாம், குடியிருக்கும் கட்டடத்தின் வெளிச்சுவரை மழையில் ஒழுகும்போது மட்டுமே நிமிர்ந்து பார்க்கிறோம். முப்பத்திரண்டு ஆண்டுகள் கட்டட வேலைகளில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அப்படிப்பட்ட நானும் இதில் தவறியவன்தான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் இருப்பது கிங்ஸ் சர்க்கிளில், மகேஸ்வரி உத்யானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். 1940களில் எழுந்த கட்டடம். என் அப்பா வாடகைக்கு வந்த வீடு. பின்னர் குடியிருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து சொஸைட்டி அமைத்துக் கட்டடத்தை வாங்கினோம். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாதம், மழை தொடங்கி இரண்டாவது வாரம். காலை ஆறரை மணி. கீழ்வீட்டு மாமி வாசலில் கோலம் போட்டு முடித்து உள்ளே போனார். அடுத்த நிமிடம், இரண்டாம் மாடி ஜன்னலுக்கு மேலிருந்த சஜ்ஜாவின் அடிப்பாகம் பெயர்ந்து, சரியாக அந்தக் கோலத்தின் மேல் விழுந்தது. இட்லிப் பானை மூடி அளவுத் துண்டு. பழைய பேப்பர்காரர் தராசில் வைத்துப் பார்த்தேன், ஐந்தரைக் கிலோ.

"பால் பொங்கறதேன்னு உள்ளே ஓடினேன். இல்லேன்னா இன்னிக்கு நான் இல்லை" என்று மாமி கை நடுங்கச் சொன்னார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காரணம் இதுதான். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் கட்டடம் முழுவதும் பூச்சு வேலை செய்து, வர்ணமும் அடித்திருந்தோம். ஒப்பந்தப்புள்ளிகளில் மிகக் குறைந்த தொகையைத் தேர்ந்தெடுத்தோம். சில உத்தரங்களின் அடியில் பழுப்பு நிறக் கோடுகள் ஓடுவதை நான் அப்போதே கண்டேன். கூட்டத்தில் ஒருமுறை மெதுவாகச் சொன்னேன். "அதெல்லாம் பூச்சுக்குள் போய்விடும் சார்" என்றார்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். தீர்மானப் புத்தகத்தில் மற்றவர்களுடன் என் கையெழுத்தும் இருக்கிறது.

விழுந்த இடத்தைப் பார்க்கத் தாராவியிலிருந்து ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னோடு பல தளங்களில் வேலை பார்த்தவர். ஏணியில் ஏறி, துண்டு பெயர்ந்த குழியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார். "சார், பூச்சு விழல. உள்ள இருந்து கம்பி தள்ளுது. நாம எத்தன தடவ பூசினாலும் அது தள்ளிக்கிட்டேதான் இருக்கும்" என்றார். நான் இக்கட்டுரையில் சொல்ல வருவது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் விளக்கமே.

நம் கட்டடங்களின் பிறப்பு

1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. நெருக்கமான, காற்றோட்டமில்லாத குடியிருப்புகளே அதற்கு இடம் கொடுத்தன என்று கருதி, 1898இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அந்த டிரஸ்ட் வகுத்த தாதர்–மாதுங்கா திட்டத்தில் உருவானவைதான் நம் அகலமான சாலைகளும், ஐந்து தோட்டங்களும், கிங்ஸ் சர்க்கிள் வட்டமும். தெருக்கள் முதலில் வந்தன. வீடுகளில் பெரும்பகுதி 1930களிலும் 40களிலும் எழுந்தன.

அது சிமெண்டின் காலம். இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904இல் நம் சென்னையில், கடற்சிப்பியை மூலப்பொருளாகக் கொண்டு நடந்தது, அது நீடிக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் தொடங்கிய உற்பத்தியே வெற்றி பெற்றது. 1936இல் பல கம்பெனிகள் இணைந்து ஏ.சி.சி. உருவாயிற்று. இரும்புக் கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்தபோது, கல்லிலும் செங்கல்லிலும் செய்ய முடியாத வடிவங்கள் எளிதாயின. வளைந்த பால்கனிகள், ஜன்னலுக்கு மேல் புருவம் போல நீளும் சஜ்ஜாக்கள், முகப்பில் ஓடும் பட்டைகள் எல்லாம் அப்படி வந்தவை. மெரின் டிரைவ், ஓவல் மைதானப் பகுதிகளிலுள்ள இத்தகைய கட்டடங்களை 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மாதுங்கா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் நம் கட்டடங்கள் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இக்கட்டடங்களில் தூணும் உத்தரமும் கான்கிரீட். இடையே செங்கல் சுவர். இரண்டையும் மூடி ஏறத்தாழ ஓர் அங்குலச் சிமெண்ட் பூச்சு. நம் ஊர்க் கோபுரங்களில் சுதை வேலை என்கிறோமே, அதே இனத்தைச் சேர்ந்ததுதான் இந்த முகப்புப் பூச்சும். பார்ப்பதற்கு அலங்காரம், உண்மையில் அது கட்டடத்தின் தோல். தோலில் புண் வந்தால் களிம்பு தடவலாம். எலும்பில் நோய் இருந்து அது தோலில் தெரிந்தால், களிம்பு மட்டும் போதுமா?

கடல் எங்கே, நாம் எங்கே?

"நாம் என்ன கடற்கரையிலா இருக்கிறோம்?" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து மேற்கே மாஹிம் விரிகுடா ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்தான். வடக்கே மாஹிம் கழிமுகம், கிழக்கே துறைமுகக் கடல். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலின் அலைத்துளிகளை வாரிக்கொண்டு வருகிறது. துளியின் நீர் காய்ந்துவிடும். உப்பு காற்றோடு வரும். கரையிலிருந்து விலக விலக அது குறையும் என்பது உண்மை. ஆனால் எண்பது ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகப் படிந்தது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

இதோடு மழையும் சேர்கிறது. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை. மும்பையில் 2,200 மி.மீ.க்கு மேல், அதுவும் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதங்களில். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. பெய்ததை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. இந்த மழை ஊரில் போல நேராக விழுவதில்லை. காற்றோடு சாய்ந்து வந்து மேற்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் அடிக்கிறது. ஆகவே உங்கள் கட்டடத்தில் முதலில் கெடும் சுவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டாகவே இருக்கும்.

உப்பு செய்யும் வேலை

மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். ஒரு சொட்டு நீர் விடாமலே உப்பு கசிந்திருக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வது உப்பின் குணம். சுவருக்குள் புகுந்த உப்பும் இதையே செய்கிறது. வெயில் வந்து ஈரம் ஆவியாகும்போது உப்பு பூச்சின் நுண்துளைகளில் படிகமாக உறைகிறது. உறையும்போது துளையின் சுவரை நெருக்குகிறது. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க, பூச்சு பொரிந்து மாவாக உதிர்கிறது. வெள்ளையாகப் பூத்திருப்பதும் இந்த உப்பின் வேலைதான். ஊர்ப்பக்கம் இதை உப்பரித்தல் என்பார்கள்.

இதுவரை நடந்தது தோலுக்கு வந்த கேடு. அடுத்தது எலும்புக்கு. நல்ல கான்கிரீட் காரத்தன்மை மிகுந்தது, அதன் பி.எச். அளவு 12.5க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகிறது. அது இருக்கும்வரை கம்பி துருப்பிடிப்பதில்லை. அந்தப் படலத்தை இரண்டு விதமாக இழக்கிறோம். ஒன்று, காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே சென்று காரத்தைக் குறைப்பது, பி.எச். 9க்குக் கீழே வந்தால் காப்பு போயிற்று. மற்றொன்று, உப்பிலுள்ள குளோரைடு. காரம் குறையாதபோதும் அது படலத்தைத் துளைத்துவிடும். அந்த வேலையில் குளோரைடு செலவாகிப் போவதும் இல்லை. ஓரிடத்தைக் கெடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும்.

துரு ஏறிய கம்பி சும்மா இருக்காது. துரு, தான் உண்டான இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கான்கிரீட்டுக்குள் ஏது இடம்? எனவே வெளிப்புறமாகத் தள்ளுகிறது. முதலில் கம்பி போகும் திசையிலேயே ஒரு கீறல், பிறகு பழுப்புக் கறை, பிறகு உப்பல், கடைசியில் ஒரு நாள் காலை கோலத்தின் மேல் ஐந்தரைக் கிலோ. மேஸ்திரி சொன்ன 'தள்ளுது' இதுதான்.

எங்கள் சஜ்ஜாவில் கம்பிக்கு வெளியே அரை அங்குலம், அதாவது 12 மி.மீ. கான்கிரீட்தான் இருந்தது. கட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்நாளில் உப்பின் வேகம் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. இன்றைய இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, உப்புக் காற்றிலிருந்து ஓரளவு மறைவான கடலோரக் கட்டடத்துக்கே 30 மி.மீ. மூடுகனமும், கடலோரச் சூழல் கடுமையாக இருந்தால் 45 மி.மீ. மூடுகனமும் கேட்கிறது.

ஊர்ச் சுண்ணாம்பும் இவ்வூர்ச் சிமெண்டும்

"ஊரில் தாத்தா கட்டிய வீடு நூறு வருஷமாக நிற்கிறது; இங்கே மட்டும் ஏன் இப்படி?" என்று பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. நம் முன்னோர் கடலோரத்திலும் கட்டினார்கள். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பில் செய்த சென்னைப் பூச்சு, பளிங்கு போல மின்னியது என்று அந்நாளைய வெள்ளைக்காரப் பயணிகள் வியந்தார்கள். வெல்லநீரும் கடுக்காய்நீரும் சேர்த்துச் சென்னையில் சாந்து அரைக்கும் முறையை, செயின்ட் ஹெலினா தீவின் கவர்னராக இருந்த ஐசக் பைக் என்பவர் எழுதி அனுப்ப, 1730களின் தொடக்கத்தில் லண்டன் ராயல் சொஸைட்டி தன் ஏட்டில் வெளியிட்டது. செட்டிநாட்டு வீடுகளின் வழுவழுப்பான சுவர்களும் சுண்ணாம்பின் கைவண்ணமே.

அச்சுவர்கள் நிலைத்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். உள்ளே போன ஈரம் எளிதாக வெளியே வந்துவிடும். இரண்டாவது, அச்சுவர்களுக்குள் இரும்புக் கம்பி கிடையாது. உப்பு வந்தாலும் பூச்சைத்தான் தின்னும். பத்து இருபது ஆண்டுக்கொருமுறை பூசிக்கொள்ளலாம். நம் மாதுங்கா வீட்டிலோ எலும்பே இரும்பு. ஆகவே சுண்ணாம்புக்குத் திரும்பிவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. கெட்டியான சிமெண்டைக் கனமாக அப்பிவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். நம்மவர்களில் சிலர் இன்னும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சால்களில் இருக்கிறார்கள். அந்த மென்மையான சுவர்மேல் 1:3 போன்ற கடுமையான சிமெண்ட் பூச்சைப் போடாதீர்கள். ஈரம் உள்ளே சிறைப்படும். பூச்சு தகடு தகடாகப் பிரியும். பூச்சு, தான் ஒட்டும் சுவரைவிடக் கெட்டியாக இருக்கக் கூடாது என்பது கொத்து வேலையின் பாலபாடம்.

கீறலைப் படிக்கக் கற்போம்

மருத்துவர் நாடி பார்ப்பது போல, கீறலைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம்.

வலை பின்னியது போல மெல்லிய முடிக்கீறல்கள்: சிமெண்ட் அதிகமான கலவை, அல்லது பூசியபின் போதிய நீர் விடாமை. ஆபத்தில்லை, ஆனால் மழை நுழையும்.

உத்தரமும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேர்க்கோடு: வெயிலில் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதால் வருவது. இணைப்பில் வலை வைத்துப் பூசாமல் விட்டதன் பலன்.

தூணின் விளிம்பிலோ உத்தரத்தின் அடியிலோ நீளவாக்கில் கீறல், கூடவே பழுப்புக் கறை: கம்பி துருப்பிடித்துவிட்டது. எஞ்சினியரைக் கூப்பிடுங்கள், பூச்சுக்காரரை அல்ல.

சுவரில் படிக்கட்டுப் போலக் குறுக்கே ஏறும் கீறல்: அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். இதற்கும் எஞ்சினியர்தான்.

கீறல் இல்லாத இடத்தையும் தட்டிப் பாருங்கள். கும்பார்வாடாவில் நம் வீட்டுப் பெண்கள் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பார்களே, அதே வித்தைதான். நல்ல பூச்சு 'ணங்' என்று கேட்கும். உள்ளே பிரிந்த பூச்சு 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும். பொள்ளலான இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள். எங்கள் கட்டடத்தில் அப்படி வட்டமிட்டபோது, வர்ணம் அடித்து இரண்டே ஆண்டான மேற்கு முகப்பு அம்மை வார்த்தது போல ஆகிவிட்டது.

பழுது பார்க்கும் முறை

அவசரத்தில் வரிசை மாறினால் பணமும் வீண், வேலையும் வீண். நான் அனுபவத்தில் கண்ட வரிசை இது.

1. நீரின் வழியை முதலில் அடையுங்கள். மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, கழிவுக் குழாய்களின் இணைப்பு இவை சரியாகாமல் சுவரைத் தொடக் கூடாது. மேலிருந்து கீழே வருவதே முறை.

2. எஞ்சினியரைக் கொண்டு கட்டமைப்பு ஆய்வு செய்யுங்கள். சுத்தியல் போன்ற ஒரு கருவியால் கான்கிரீட்டின் கடினத்தையும், ஒலி அலையால் அதன் உட்புற நிலையையும் அறிவார்கள். புதிதாக உடைத்த இடத்தில் பினாப்தலீன் என்ற திரவத்தைத் தெளிப்பார்கள். கான்கிரீட் இளஞ்சிவப்பானால் காரம் இருக்கிறது; நிறம் மாறாவிட்டால் காரம் போய்விட்டது. இதைப் பிள்ளைகளையும் அழைத்துக் காட்டுங்கள்; வேதியியல் பாடம் வாசலுக்கே வருகிறது.

3. உத்தரத்தையோ தூணையோ உடைப்பதற்கு முன் முட்டுக் கொடுங்கள். இதில் சிக்கனம் கூடவே கூடாது.

4. கெட்ட கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் விரல் நுழையும் அளவு எடுத்துவிடுங்கள். முன்பக்கத்தை மட்டும் சுரண்டினால் பின்பக்கத்துத் துரு மறுபடி தள்ளும். எங்கள் பழைய ஒப்பந்ததாரர் செய்தது இதுகூட இல்லை. கம்பியைத் தொடாமலே மேலே பூசிவிட்டார். துருவைக் கம்பித் தூரிகையால் பளபளப்பாகத் தேய்த்து எடுக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் எஞ்சினியர் சொல்லும் கனத்தில் பக்கத்தில் புதுக்கம்பி சேர்க்க வேண்டும்.

5. கம்பிக்குத் துருத்தடுப்புப் பூச்சு, பழைய கான்கிரீட்டுக்கு ஒட்டுப் பூச்சு, அதன்மேல் பாலிமர் கலந்த சிமெண்ட் சாந்தைப் படிப்படியாக வைத்து அடைப்பு. பள்ளம் பெரிதானால் அச்சுப்பலகை கட்டி மைக்ரோ கான்கிரீட் ஊற்றுவார்கள்.

6. இவ்வளவும் முடிந்தபின்தான் பூச்சு. வழுவழுப்பான கான்கிரீட்டைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, ஈரப்படுத்த வேண்டும். சுவரும் உத்தரமும் சேருமிடத்தில் கண்ணாடி நார் வலை வைத்தால் அது துருப்பிடிக்காது. முதல் பூச்சு 12 முதல் 15 மி.மீ.; ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல். அல்லது ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். சுண்ணாம்பு சேர்ந்தால் கீறல் குறையும். முதல் பூச்சு இறுகுமுன் அதில் அலை அலையாகக் கோடு இழுத்துவிட வேண்டும். அதுதான் இரண்டாவதற்குப் பிடிமானம். இரண்டு மூன்று நாள் நனைத்தபின், 6 முதல் 8 மி.மீ. கனத்தில் இரண்டாம் பூச்சு. ஸ்பாஞ்சால் தேய்த்து மணல் முகமாக விடலாம். வழுக்க வேண்டுமென்று வறட்டுச் சிமெண்டைத் தூவித் தேய்ப்பது முடிக்கீறலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல.

7. நீர் கலந்த சாந்தை அரைமணிக்குள் பூசிவிட வேண்டும். இறுகியதில் மறுபடி நீர் ஊற்றிக் குழைப்பதைக் கண்டால் தயங்காமல் தடுங்கள். பூசியபின் குறைந்தது ஏழு நாள் நனைக்க வேண்டும். தண்ணீர் நேரம் பார்த்து வரும் நம் ஊரில் பெரும்பாலும் களவு போவது இந்த ஏழு நாள்தான்.

8. சஜ்ஜா, பால்கனி இவற்றின் அடியில், விளிம்பையொட்டி விரல் அகலக் காடி ஒன்று விடச் சொல்லுங்கள். மழைநீர் அந்தக் காடியில் வந்ததும் சொட்டிவிடும். அடிப்பாகத்தில் தவழ்ந்து கம்பியிருக்கும் இடத்துக்குப் போகாது. மிகச் சிறிய வேலை. ஆனால் மிகப் பெரிய பயன்.

9. வர்ணத்துக்கு அவசரம் வேண்டாம். புதுப் பூச்சு நாலு வாரம் காயட்டும். சுவருக்குள் ஈரம் இருக்கும்போது ரப்பர் போன்ற கனமான படலத்தைப் பூசினால் கொப்புளம் எழும். ஆவியை வெளியே விடும் வர்ணமா என்று கேட்டு வாங்குங்கள்.

மணலையும் தண்ணீரையும் பற்றி ஒரு வார்த்தை. கழிமுக மணலில் உப்பு உண்டு. கழுவாத அந்த மணலில் பூசினால் எதிரியை நாமே உள்ளே வைத்துப் பூட்டியதாகும். இப்போது கல்லை உடைத்து அரைத்த, பூச்சுக்கென்றே சலித்த மணல் கிடைக்கிறது. அதையும் ஒரு கண்ணாடித் தம்ளரில் நீரோடு குலுக்கி வைத்துப் பாருங்கள். மேலே படியும் சேறு அதிகமென்றால் வேண்டாம். தண்ணீர் நாம் குடிக்கும் தண்ணீராக இருக்கட்டும். உவர்ப்பான போர்வெல் நீர் பூச்சுக்கு ஆகாது.

ஆண்டு முழுவதும் கவனிக்க

மே மாதம்: மொட்டை மாடி நீர்ப்போக்கிகளைச் சுத்தம் செய்யுங்கள். சுவர்ப் பிளவில் முளைத்த அரசு, ஆலங்கன்றுகளை வேரோடு எடுத்துப் பிளவை அடையுங்கள். மேலே கிள்ளிவிட்டால் வேர் இன்னும் தடிக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: பூச்சு வேலை வேண்டாம். ஆனால் கவனிக்க இதுவே நல்ல காலம். எந்த அறையில், எந்த மூலையில், எந்த நாள் ஈரம் கண்டது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எஞ்சினியருக்கு அது ஜாதகம் போல உதவும்.

அக்டோபர்: சுவர் உலர்ந்ததும் தட்டிப் பார்த்துச் சிறு பழுதுகளை முடியுங்கள். பெரிய வேலையானால் அக்டோபரில் தொடங்கி மே மாதத்துக்குள் சாரம் பிரிக்க வேண்டும்.

எப்போதும்: ஜன்னல் கிரில், குளிர்சாதனப் பெட்டி, டிஷ் ஆன்டெனா இவற்றுக்காகச் சுவரில் இட்ட துளைகள் சரியாக அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். துளசி மாடமும் பூந்தொட்டியும் சஜ்ஜாவின் மேல் வேண்டாம். துளசிக்கு ஊற்றும் நீர் நாள்தோறும் கம்பிக்கும் போகிறது.

யார் பொறுப்பு?

முப்பது ஆண்டுகளைத் தாண்டிய கட்டடங்கள் உறுதிச் சான்று பெற்று மாநகராட்சிக்கு அளிக்க வேண்டும் என்று மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவு கூறுகிறது. சொஸைட்டிகளின் மாதிரி விதிகளோ 15 முதல் 30 ஆண்டுக் கட்டடத்துக்கு ஐந்தாண்டுக்கொருமுறையும், அதற்கு மேற்பட்டதற்கு மூன்றாண்டுக்கொருமுறையும் ஆய்வு கேட்கின்றன. நகரின் தீவுப் பகுதியில் 1969 செப்டம்பர் 30க்கு முன் கட்டிய வாடகைக் கட்டடங்கள் பழுதுபார்ப்பு வரி செலுத்துகின்றன. அவற்றின் கட்டமைப்புப் பழுதுகளுக்கு மாடாவின் பழுதுபார்ப்பு வாரியத்தை அணுகலாம். வாடகைக்கு இருப்பவர்கள், "இது வீட்டுக்காரன் பாடு" என்று கைகட்டி நிற்க வேண்டாம். விழும் துண்டு வீட்டுக்காரரா, குடித்தனக்காரரா என்று கேட்டு விழாது. 2022 ஜூன் 27 இரவு குர்லா நாயக் நகரில் ஒரு கட்டடம் இடிந்து 19 பேர் மாண்டது நம் செம்பூர் அன்பர்களுக்குப் பக்கத்து வீட்டுச் செய்தி.

ஒப்பந்தம் போடும்போது கான்கிரீட் பழுது, பூச்சு, வர்ணம் மூன்றுக்கும் தனித்தனி அளவும் விலையும் கேளுங்கள். மொத்தத் தொகையாகக் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியும் வர்ணம் நன்றாக நடக்கும். கண்ணுக்குத் தெரியாத கம்பி அப்படியே இருக்கும். ஒரு பகுதித் தொகையை அடுத்த மழை முடியும்வரை நிறுத்தி வையுங்கள்.

எங்கள் கட்டடம்

அந்த ஜூன் மாதமே அவசரக் கூட்டம் கூடியது. இம்முறை நான் மெதுவாகப் பேசவில்லை. பெயர்ந்த துண்டை மேசைமேல் வைத்துவிட்டு, "சென்ற முறை எனக்குத் தெரிந்தும் சொல்லவில்லை. அது என் தவறு. மறுபடி பூசிவிட்டால் மறுபடி விழும்" என்றேன். பணம் அதிகமாகும் என்பதால் வாக்குவாதம் நடந்தது. ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வீடுகளில் கல்யாணம். கடைசியில் தவணையாகக் கொடுப்பது என்றும், முகப்பு வர்ணத்தை ஓராண்டு தள்ளிப்போடுவது என்றும் முடிவாயிற்று. முதலில் ஒப்புக்கொண்டவர் கீழ்வீட்டு மாமிதான். "வர்ணம் இல்லாட்டா பரவாயில்லை, தலை இருக்கணுமே" என்றார்.

அக்டோபரில் சாரம் கட்டினோம். தாராவி மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் மே மாதம்வரை இருந்தார்கள். நாள்தோறும் காலையில் சாரத்தில் ஏறி நனைப்பு நடந்ததா என்று பார்ப்பது என் வேலை. ஓராண்டு காலம் எங்கள் கட்டடம் வர்ணமில்லாமல் சாம்பல் நிறத்தில், திட்டுத் திட்டாக நின்றது. போகிறவர்கள் "இன்னும் முடியவில்லையா?" என்று கேட்டார்கள். முக்கியமான வேலை முடிந்துவிட்டது என்று பதில் சொன்னேன்.

அதன்பின் வந்த மழைக்காலங்களில் ஒன்றும் விழவில்லை. அதற்காக நான் நிம்மதியாக உட்கார்ந்துவிடவும் இல்லை. கடல் அங்கேயே இருக்கிறது. காற்று ஆண்டுதோறும் வருகிறது. மாமி அதே இடத்தில்தான் கோலம் போடுகிறார். நான் காலை நடைக்குப் போகுமுன் நிமிர்ந்து அந்தச் சஜ்ஜாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

அன்பர்களே, பிழைக்க வந்த ஊரில் நாம் சேர்த்த பெரிய சொத்து இந்த நான்கு சுவர்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்ததும், ஒரு சிறு சுத்தியலும் சாக்கட்டியும் எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு, கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். கைக்கெட்டும் இடங்களைத் தட்டுங்கள். எட்டாத இடங்களில் பழுப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கூட்டத்தில் எழுந்து உரக்கச் சொல்லுங்கள்.